சுகர் மாத்திரை மலத்தோடு முழுசாக வருகிறது – மருந்து உடம்பில் சேர்ந்ததா இல்லையா?

பொருநைக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது, ரொம்ப வருடமாகச் சுகர் இருக்கிறது. முன்பு சாதாரண மெட்ஃபார்மின் 500 காலை ஒன்று இரவு ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். வயிற்றுப் பொருமலும் அடிக்கடி வயிற்றுப்போக்குமாக இருந்ததால் டாக்டர் அதை நிறுத்திவிட்டு மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 1000 (மருந்தை மெதுவாக விடும் வகை) எழுதிக்கொடுத்தார், இரவு சாப்பாட்டோடு ஒன்று மட்டும். வயிற்றுத் தொல்லை நன்றாகவே குறைந்துவிட்டது.

இப்போது பிரச்சினை என்னவென்றால், மலத்தோடு மாத்திரை அப்படியே வெளியே வருகிறது. அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை, பிறகு நானே பார்த்தேன். அதே நீள வடிவம், வெளுத்துப்போய், கொஞ்சம் உப்பி, குச்சியால் அழுத்தினால் கொழகொழவென்று நசுங்குகிறது. பக்கத்து வீட்டில் இருப்பவர் இது டூப்ளிகேட் மாத்திரை, கரையாத மாத்திரையால் என்ன பிரயோஜனம் என்கிறார். அம்மாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து மாத்திரை மேலேயே நம்பிக்கை போய்விட்டது. கடைசியாக எடுத்த மூன்று மாத சராசரி சுகர் டெஸ்ட் மோசமாக இல்லை, முன்பு இருந்த அளவில்தான் இருக்கிறது.

இன்னொன்று, மாத்திரை ரொம்பப் பெரியது, விழுங்கத் திணறுகிறார். பொடித்துத் தயிரில் கலந்து கொடுத்தால் கரைவதற்கும் கரையும், விழுங்கவும் சுலபம் என்று தம்பி சொல்கிறான். நான் இன்னும் அப்படிச் செய்யவில்லை, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இங்கே எழுதுகிறேன். மருந்து உள்ளே போகிறதா? பொடிக்கலாமா? அந்த மாத்திரைக்குள் பாலிமர் இருக்கிறது என்று எங்கோ படித்தேன், அது பிளாஸ்டிக் தானே, தினமும் வயிற்றுக்குள் போனால் கெடுதல் இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கலவைக்கூடம்

முதலில் பதில்: பொடிக்காதீர்கள். தயிரிலும் வேண்டாம், வாழைப்பழத்திலும் வேண்டாம். நீங்கள் பார்த்தது மருந்து போன பிறகு மிச்சமிருக்கும் கூடு. மருந்து பெரும்பாலும் வயிற்றிலும் குடலிலும் இறங்கிவிட்டது. அதற்கு உங்களிடமே சான்று இருக்கிறது, மூன்று மாத சராசரி ஏறவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நான் மாத்திரை தயாரிப்பில் ஃபார்முலேஷன் பக்கம் வேலை செய்கிறவன், இதே மாதிரி மாத்திரைகளோடுதான் நாள் முழுக்க இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மெட்ஃபார்மின் தண்ணீரில் மிகச் சுலபமாகக் கரையும் மருந்து. சாதாரண மாத்திரையாகப் போட்டால் வயிற்றில் சில நிமிடங்களில் உடைந்து மொத்தமாகக் கரைந்துவிடும். அந்த மொத்த அளவும் ஒரே நேரத்தில் குடலின் மேல் பகுதியில் போய் நிற்பதால்தான் பலருக்கு வயிறு பொருமுகிறது, போக்கு வருகிறது. எஸ்.ஆர். மாத்திரையில் மருந்தை ஒரு பாலிமரோடு கலந்து அழுத்தியிருப்பார்கள். பெரும்பாலும் ஹெச்.பி.எம்.சி., முழுப்பெயர் ஹைட்ராக்ஸி புரொப்பில் மெத்தில் செல்லுலோஸ். மரக்கூழிலிருந்தும் பஞ்சிலிருந்தும் எடுக்கும் செல்லுலோஸில் சில வேதிக் கூறுகளைச் சேர்த்துச் செய்வது. நீங்கள் பயப்படுகிற பிளாஸ்டிக் வகை இது இல்லை. இதை நம் குடல் செரிப்பதும் இல்லை, உறிஞ்சுவதும் இல்லை, வந்த வழியே போய்விடும். கண்ணில் போடும் சொட்டு மருந்திலும் சைவக் காப்ஸ்யூல் ஓட்டிலும் இதே பொருள்தான்.

சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருப்பீர்கள், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழுவழுப்பாக ஒரு உறை வரும், நடுவில் விதை அப்படியே இருக்கும். மாத்திரை வயிற்றுத் தண்ணீரைத் தொட்டதும் நடப்பது அதுதான். வெளிப்புறத்தில் இருக்கும் பாலிமர் தண்ணீரைக் குடித்து உப்பி ஜெல் ஆகிவிடும், உள்ளே காய்ந்த மாத்திரை. இந்த ஜெல் படலம் எவ்வளவு சீக்கிரம் முழுசாக மூடுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பாலிமர் குறைவாக இருந்தாலோ அதன் துகள் பெரிதாக இருந்தாலோ, மூடுவதற்கு முன்பே தண்ணீர் உள்ளே பாய்ந்து மாத்திரை சிதறிவிடும். மெட்ஃபார்மின் போலச் சுலபமாகக் கரையும் மருந்துக்குப் பாலிமரைத் தாராளமாகப் போட வேண்டியிருக்கிறது, அதுவும் கெட்டியான ரகமாகப் பார்த்து. நாங்கள் கே 100 எம் என்று சொல்லும் ரகத்தை வெறும் 2% தண்ணீரில் கரைத்தாலே அதன் பிசுபிசுப்பு தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு. அம்மாவின் மாத்திரை அவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணமும் இதுதான், 1000 மி.கி. மருந்து தவிர அதைப் பிடித்து வைக்கும் பாலிமருக்கும் இடம் வேண்டுமே.

ஜெல் உருவான பிறகு தண்ணீர் அதற்குள் மெதுவாக ஊடுருவி உள்ளே இருக்கும் மருந்தைக் கரைக்கும், கரைந்த மருந்து அதே ஜெல்லைக் கடந்து வெளியே வர வேண்டும். நேரம் ஆக ஆக, வெளிப்பக்கத்து மருந்து தீர்ந்து உள்பக்கத்து மருந்து வரத்தொடங்கும், அது கடக்க வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போகும், அதனால் வேகம் குறையும். இதை டகேரு ஹிகுச்சி என்ற விஞ்ஞானி 1961-ல் ஒரு சமன்பாடாக எழுதினார். வெளிவரும் மருந்து நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும் என்பது அதன் சாரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், முதல் ஒரு மணி நேரத்தில் 30% வந்தால் 60% வருவதற்கு 4 மணி நேரம், 90% வருவதற்கு 9 மணி நேரம். நிஜ மாத்திரை இவ்வளவு ஒழுங்காக நடக்காது, ஏனென்றால் ஜெல்லின் வெளி ஓரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தேயும், உள்ளே புது ஜெல்லும் உருவாகும். இந்த இரண்டும் ஒரே வேகத்தில் நடக்கும்படி அமைந்துவிட்டால் ஜெல்லின் தடிமன் மாறாமல் நிற்கும், மருந்தும் ஏறக்குறைய சீராக இறங்கும். அப்படி அமைவதற்காகத்தான் எங்கள் வேலையில் பாதி நாள் போகிறது.

தேயும் வேகம் குறைவான கெட்டி ரகமாக இருந்தால், மருந்து எல்லாம் போன பிறகும் ஜெல் கூடு மாத்திரை உருவத்திலேயே மிஞ்சும். அதைத்தான் அம்மா பார்த்தார். அமெரிக்காவில் 2000-ல் அனுமதி பெற்ற முதல் நீண்டநேர மெட்ஃபார்மினின் விவரத்தாளிலேயே, மருந்தில்லாத பகுதி மாத்திரை மாதிரியே தெரியும் மென்மையான கட்டியாக மலத்தில் வரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். டூப்ளிகேட் பயம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். குச்சியால் நசுக்கியபோது நசுங்கியது என்றீர்கள், அது நல்லது. வெளியே வந்தது உள்ளே காய்ந்துபோய் கல்லு மாதிரி இருந்தாலோ, கூடவே சுகரும் ஏறினாலோ, அப்போது டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

---

நெல்விதை

எனக்கு இதில் ஒரு சந்தேகம். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., எம்.ஆர். என்று பெயருக்குப் பின்னால் ஒட்டினால் விலை கூடிவிடுகிறது. பழைய மாத்திரை இரண்டு வேளை போட்டால் போதாதா? கம்பெனிகள் காப்புரிமை முடியும் நேரத்தில் இப்படி ஒரு புது வடிவத்தைக் கொண்டுவந்து விற்பது உண்டு என்பது தெரிந்த விஷயம்தானே. ஏழைபாழைகள் மாதம் முழுக்க வாங்க வேண்டிய மருந்து இது, அதனால் கேட்கிறேன்.

---

கலவைக்கூடம்

நியாயமான கேள்வி. சுகரைக் குறைப்பதில் மட்டும் பார்த்தால் மெட்ஃபார்மினின் இரண்டு வடிவமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே அளவு கொடுத்தால் உடம்பில் சேரும் மொத்த மருந்தும் கிட்டத்தட்டச் சமம். வித்தியாசம் எங்கே என்றால், சாதாரண மாத்திரையில் ரத்தத்தில் உச்சம் 2–3 மணி நேரத்தில் வரும், நீண்டநேர மாத்திரையில் சுமார் 7 மணி நேரத்தில் வரும், உச்சமும் 20% போலக் குறைவு. வயிறு தாங்குகிறவர்களுக்குப் பழைய மாத்திரையே போதும், அதை விடக்கூடாது என்றுதான் நானும் சொல்வேன். பொருநைக்கரையின் அம்மாவுக்கு வயிறு தாங்கவில்லை, அதற்காக மாற்றியது சரியான மாற்றம்.

எல்லா மருந்துக்கும் இது தேவையும் இல்லை. அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும், அதற்கு எதற்கு எஸ்.ஆர்.? அதே குடும்பத்து நிஃபெடிபின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதைச் சாதாரணக் காப்ஸ்யூலாகக் கொடுத்தால் பிபி சடசடவென்று இறங்கி, அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கத் தொடங்கும். ஒரு காலத்தில் பிபி எகிறியவர்களுக்கு நிஃபெடிபின் காப்ஸ்யூலை உடைத்து நாக்குக்கு அடியில் விடுவார்கள், அதனால் மாரடைப்பும் பக்கவாதமும் வந்ததைப் பார்த்த பிறகுதான் கைவிட்டார்கள். அதே மருந்தை நாள் முழுக்க மெதுவாக இறங்கும்படி செய்தபோது பிபிக்குப் பயன்படும் நல்ல மருந்தாயிற்று. இங்கே பாலிமருக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

---

மருந்துக்கடை_ராத்திரி

சகோதரி, நான் பார்மசிஸ்ட். மேலே சொன்னதோடு சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

பொடித்தால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்கவில்லை. 1000 மி.கி. மருந்தை இரவு முழுக்கப் பிரித்துக் கொடுப்பதற்காக அந்த ஜெல் இருக்கிறது. பொடித்ததும் அது போய்விடும், 1000 மி.கி.யும் ஒரே நேரத்தில் குடலில் இறங்கும். மெட்ஃபார்மினில் பழைய வயிற்றுப்போக்கு திரும்பி வரும், கூடவே மறுநாள் மாலை வரை மருந்து நிற்காது. ஆனால் எல்லா மருந்திலும் இப்படிச் சின்னத் தொல்லையோடு போகாது. பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் எஸ்.ஆர். மாத்திரையைப் பொடித்தால் ஆளையே சாய்த்துவிடும். வலிக்குக் கொடுக்கும் ஓபியம் வகை எஸ்.ஆர். மாத்திரையைப் பொடித்தால் மூச்சே நின்றுவிடலாம். அமெரிக்காவில் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையைப் போதைக்காகப் பொடித்து மூக்கில் இழுத்து எத்தனை பேர் செத்தார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். 2010-ல் அந்த மாத்திரையைப் பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற வேறு பாலிமரை வைத்து மாற்றிச் செய்தார்கள். சுத்தியலால் அடித்தாலும் சுலபத்தில் பொடியாகாது, தண்ணீர் பட்டால் கெட்டி ஜெல்லாகிவிடும், ஊசியில் ஏற்றுவது கஷ்டம்.

சாப்பாட்டோடு என்று டாக்டர் எழுதியதையும் விடாதீர்கள். நீண்டநேர மெட்ஃபார்மினை வெறும் வயிற்றில் போட்டால் உள்ளே போகிற மருந்து குறைந்துவிடும், சாப்பாட்டோடு போட்டால் சுமார் 50% கூடுதலாகப் போகும். காரணம் எளிது. மெட்ஃபார்மின் சிறுகுடலின் மேல் பகுதியில்தான் நன்றாக உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் உப்பிய மாத்திரை அங்கேயே தங்கும், அங்கிருந்து மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பும். காலி வயிறு என்றால் சுமார் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வயிறு தன்னைத்தானே கூட்டித் தள்ளும், அதில் மாத்திரையும் போய்விடும், மருந்து உறிஞ்சும் இடத்தைத் தாண்டிய பிறகு வெளியே விட்டு என்ன பயன்? இரவு அம்மா சாப்பிடாமல் வெறும் பால் குடித்துவிட்டு மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அதை மாற்றுங்கள்.

விழுங்கும் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. ஒரு 1000-க்குப் பதில் இரண்டு 500 எஸ்.ஆர். போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், அது சின்னதாக இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் முன்னால் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டு, மாத்திரையை வைத்துத் தலையைப் பின்னால் சாய்க்காமல் லேசாக முன்னால் குனிந்து விழுங்கச் சொல்லுங்கள். திரவ வடிவிலும் மெட்ஃபார்மின் உண்டு, எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லிவைத்தால்தான் வரும். தண்ணீரே புரையேறுகிற அளவுக்கு விழுங்கச் சிரமம் என்றால் அது மாத்திரைப் பிரச்சினை இல்லை, தனியாகக் காட்ட வேண்டும்.

---

பொருநைக்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கலவைக்கூடம் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன், கூடு என்று கேட்டதும் முகம் தெளிந்துவிட்டது. இன்னும் ஒரு கேள்வி. மாத்திரையின் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டில் இரண்டாக உடைத்து அடுத்தடுத்து விழுங்கலாமா? பொடிப்பது வேறு, உடைப்பது வேறு தானே?

---

செயல்முறை_வாத்தியார்

பார்மசி கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுக்கிறேன், இந்தக் கேள்வி மாணவர்களும் கேட்பதுதான். வேறுதான், ஆனால் பதில் மாத்திரையின் உள்ளமைப்பைப் பொறுத்தது. எஸ்.ஆர். என்று போட்டிருப்பதெல்லாம் ஒரே மாதிரி செய்தவை இல்லை.

உங்கள் அம்மாவின் மாத்திரை முழுக்கவும் பாலிமர் கலந்த வகை. உடைத்தால் ஒவ்வொரு பாதியைச் சுற்றியும் ஜெல் உருவாகும், மருந்து கொட்டிவிடாது. ஆனால் உடைந்த முகம் புதிதாகத் தண்ணீரைத் தொடும், பரப்பு கூடும், மருந்து கடக்கும் தூரம் குறையும், அதனால் கொஞ்சம் வேகமாக இறங்கும். அட்டையிலோ உள்ளே வரும் தாளிலோ உடைக்கலாம் என்று போட்டிருந்தால் மட்டும் கோட்டில் உடையுங்கள், இல்லையென்றால் வேண்டாம். கோடு இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், வெறும் அச்சுக்காகவும் கோடு போடுவது உண்டு.

இரண்டாவது வகையில் மாத்திரைக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மணிகள் இருக்கும், ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாகப் பாலிமர் படலம். பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மெட்டோப்ரோலால் சக்சினேட்டை முதலில் கொண்டுவந்த கம்பெனியின் மாத்திரை இப்படிச் செய்தது. அதைப் பாதியாக உடைத்தாலும் மணிகள் முழுசாகத்தான் இருக்கும், அதனால் பாதி மாத்திரையும் நாள் முழுக்க வேலை செய்யும். மென்றாலோ பொடித்தாலோ மணிகளே உடைந்துவிடும். மருந்துகளை நேரம் நீட்டிக் கொடுக்கும் முயற்சி விற்பனைக்கு வந்ததே இந்த மணிகளில்தான். 1952-ல் ஸ்மித் க்ளைன் அண்டு ஃப்ரெஞ்ச் கொண்டுவந்த ஸ்பான்சூல் காப்ஸ்யூலில் மணிகளுக்கு மெழுகும் கொழுப்பும் பூசியிருந்தார்கள். தடிமன் வேறு வேறாகப் பூசினால் ஒரு கூட்டம் முதலில் கரையும், அடுத்த கூட்டம் பிறகு கரையும்.

மூன்றாவது வகையை உடைக்கவே கூடாது, எனக்கு மிகவும் பிடித்த வகையும் அதுதான். நிஃபெடிபின் பற்றி மேலே எழுதியிருக்கிறார்கள், அதன் ஒரு வடிவம் 1989-ல் அமெரிக்காவில் வந்தது. வெளியே செல்லுலோஸ் அசிட்டேட் படலம், தண்ணீர் மட்டும் உள்ளே போகலாம், மருந்து வெளியே வர முடியாது. உள்ளே இரண்டு அடுக்கு, மேலே மருந்து, கீழே தண்ணீர் குடித்து உப்பும் பாலிமர். மருந்து இருக்கும் பக்கத்தில் லேசர் கதிரால் ஒரே ஒரு துளை. தண்ணீர் உள்ளே போகப் போகக் கீழ் அடுக்கு உப்பி, மருந்தை அந்தத் துளை வழியாகச் சீராகத் தள்ளும். வயிற்று அமிலமா குடலா என்பதெல்லாம் இதை அவ்வளவாகப் பாதிக்காது, ஹிகுச்சி சொன்ன வேகக்குறைவும் இதில் பெரும்பகுதி நேரம் இருக்காது. இந்த மாத்திரையின் வெளிக்கூடும் மலத்தில் முழுசாகத்தான் வரும். கலிஃபோர்னியாவின் ஆல்ஸா நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் தியூவெஸ் 1970களின் நடுவில் இதன் அடிப்படையை உருவாக்கினார்.

இதன் ஆரம்பம் சுமுகமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்மோசின் என்ற பெயரில் இண்டோமெதசின் வலி மருந்தை இப்படித் துளை போட்டு பிரிட்டனில் விற்றார்கள், சிலருக்குக் குடலில் ஓட்டை விழுந்தது, 1983-ல் திரும்பப் பெற்றார்கள். எரிச்சல் தரும் மருந்து ஒரே துளை வழியாக ஒரே இடத்தில் படும்போது குடல் சுவர் தாங்கவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. எந்த மருந்தை எந்தப் பாலிமரில் எப்படி அடைப்பது என்பது மருந்துக்கு மருந்து மாறும் முடிவு.

நெல்விதைக்கும் ஒன்று. விலை குறைந்த கம்பெனியின் எஸ்.ஆர். வேலை செய்யுமா என்று சந்தேகம் இருந்தால், அதற்குச் சோதனை இருக்கிறது. 37 டிகிரி சூட்டில் சுமார் ஒரு லிட்டர் திரவத்தில் மாத்திரையைப் போட்டுத் துடுப்பு சுழல விட்டு, குறிப்பிட்ட நேரங்களில் கொஞ்சம் எடுத்து எவ்வளவு மருந்து வந்திருக்கிறது என்று அளப்போம். சாதாரண மாத்திரைக்கு ஒரே ஒரு நேரம் பார்த்தால் போதும். எஸ்.ஆர். மாத்திரைக்குக் குறைந்தது மூன்று நேரம் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் பார்ப்பது, மொத்தமும் கொட்டிவிடவில்லையே என்று உறுதி செய்ய. நடுவில் பார்ப்பது வேகம் சரியா என்று அறிய. கடைசியில் பார்ப்பது மருந்து உள்ளேயே சிக்கி நிற்கவில்லை, 80%க்கு மேல் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள. பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு இந்தக் கடைசி அளவுதான் நேரான பதில்.

சாராயம் பற்றியும் ஒரு வரி எழுதிவிடுகிறேன், வீட்டில் வேறு யாராவது எஸ்.ஆர். மாத்திரை சாப்பிடலாம். சில பாலிமர்கள் தண்ணீரில் கரையாது, ஆனால் ஆல்கஹாலில் கரைந்துவிடும். அமெரிக்காவில் பல்லடோன் என்ற ஓபியம் வகை வலி மருந்தை 2005-ல் சந்தையிலிருந்து எடுத்ததற்கு அதுதான் காரணம், மதுவோடு சேர்ந்தபோது 24 மணி நேரத்து மருந்து சீக்கிரமே வெளியே வந்துவிடும் ஆபத்து இருந்தது.

---

வெள்ளைக்கோட்டு_தேன்மொழி

ஐ.சி.யூ. நர்ஸ் நான். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டிருக்கும் நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் இதுதான் அதிகம் நடக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் எஸ்.ஆர். என்று இருக்கும், டியூப் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் வேறு வழி தெரியாமல் உரலில் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள். இரண்டு கெடுதல். மருந்து மொத்தமாக இறங்கிவிடும், அதோடு அந்தப் பாலிமர் டியூபுக்குள்ளேயே ஜெல்லாகி அடைத்துக்கொள்ளும், வெந்நீர் விட்டாலும் போகாது, டியூபை எடுத்துவிட்டு வேறு போட வேண்டியிருக்கும். வயசானவர்களுக்கு அது எவ்வளவு வேதனை என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். டியூபோடு வீட்டுக்குப் போகும்போது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எதைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக்கூடாது, பொடிக்கக்கூடாததற்குப் பதில் என்ன என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்டால் சொல்லுவார்கள், கேட்கத் தயங்காதீர்கள்.

---

பொருநைக்கரை

அட்டையைப் பார்த்துவிட்டேன், மாத்திரையை நசுக்கவோ மெல்லவோ கூடாது என்று சின்ன எழுத்தில் இருக்கிறது, உடைப்பது பற்றி ஒன்றும் இல்லை. அதனால் உடைக்கவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் 500 இரண்டாக மாற்றக் கேட்கிறேன். அம்மா இதுகூட ஆஸ்பிரின் 75, பேன்டோப்ரசோல் 40, அட்டோர்வாஸ்டாடின் 10, மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல். 25 சாப்பிடுகிறார். இவற்றிலும் இப்படி ஏதாவது உண்டா?

---

மருந்துக்கடை_ராத்திரி

உண்டு. பேன்டோப்ரசோல் மாத்திரை மெதுவாக விடும் வகை இல்லை, தாமதமாக விடும் வகை. வயிற்று அமிலத்தில் அந்த மருந்து கெட்டுப்போகும், அதனால் அமிலத்தில் கரையாத, குடலுக்குப் போய் அமிலம் குறைந்த பிறகு கரையும் பாலிமர் உறை போட்டிருப்பார்கள். உடைத்தால் மருந்து வயிற்றிலேயே வீணாகும், முழுசாக, சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும். ஆஸ்பிரின் 75 நம் ஊரில் பெரும்பாலும் அதே மாதிரி உறை போட்டதுதான், இங்கே காப்பாற்றப்படுவது மருந்து இல்லை, வயிறு. தினமும் போடும்போது முழுசாகவே விழுங்கட்டும். திடீரென்று நெஞ்சுவலி வந்து டாக்டர் ஆஸ்பிரினை மென்று தின்னச் சொன்னால் அது வேறு விஷயம், அப்போது வேகமாக ரத்தத்தில் ஏற வேண்டும், சொன்னபடி மென்றுவிட வேண்டும்.

அட்டோர்வாஸ்டாடினுக்கு இருப்பது சாதாரணப் பூச்சு, எந்த நேரமும் போடலாம், உடைந்தாலும் கெடுதல் இல்லை. மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல். வாத்தியார் சொன்ன வகையாக இருக்கலாம், ஆனால் எல்லாக் கம்பெனியும் மணி வகையாகச் செய்வதில்லை, சிலது முழு ஜெல் வகை. அதையும் பொடிக்காதீர்கள், டாக்டர் பாதி என்று எழுதினால் மட்டும், அதுவும் அட்டையில் உடைக்கலாம் என்று இருந்தால் மட்டும் உடையுங்கள். மாதாமாதம் கடையில் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்தால், பெயருக்குப் பின்னால் எக்ஸ்.எல். இருக்கிறதா, எஸ்.ஆர். இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்குங்கள். மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் என்று வேறு ஒன்று இருக்கிறது, அது அன்றாடம் இரண்டு வேளை போடும் சாதாரண வகை, அட்டைகள் பார்க்க ஒன்று போலவே இருக்கும்.